மியூட்டில் கிடந்த ரெண்டு கால்

எனக்கு மூக்கு மேல கோபம்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா இந்த விஷயத்துல எனக்குக் கோபம் வராம இருந்திருந்தா, எனக்கு ஏதோ வியாதின்னுதான் அர்த்தம். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் டிரம்ஸ் வாசிக்கிறவ. எங்களோடது மெட்டல் பேண்ட், காது கிழியுற ராக்குன்னு வச்சுக்கோங்க. கிட்டார் என் தம்பி. பாடுறவனை நாங்க தொண்டைன்னுதான் கூப்பிடுவோம், அவன் பாடுறதை ஒரு தடவை கேட்டா ஏன்னு உங்களுக்கே தெரியும். டிரம் செட்டுல தரையில பெருசா ஒண்ணு நிக்குமே, காலால பெடலை மிதிச்சு அடிக்கிறது, அதுதான் பேஸ் டிரம். மெட்டல்ல அதுக்கு ஒரு கால் பத்தாது. ரெண்டு பெடல் வச்சு, ரெண்டு காலாலயும் விடாம அடிக்கணும். வீட்டுல உக்காந்து பத்து நிமிஷம் ரெண்டு குதிகாலையும் மாத்தி மாத்தி ஆட்டிப் பாருங்க, தொடை என்ன சொல்லுதுன்னு தெரியும்.

இதே கால்தான் வார நாள்ல ஒரு ஹோட்டல் லவுஞ்சுல ஜாஸ் வாசிக்குது. பியானோ ஒருத்தர், ஆளுயர வயலின் மாதிரி இருக்குமே டபுள் பேஸ், அது ஒருத்தர், அப்புறம் நான். சேர்ந்த அன்னைக்கே ஹோட்டல் மேனேஜர், "கெஸ்ட் சாப்பிடும்போது அந்தப் பெரிய டிரம் கேக்கவே கூடாது மேடம்"னு சொல்லிட்டார். சரின்னேன். கேக்காமத்தான் வாசிக்கிறேன். பெடலை மிதிக்கிறது இல்லை, தடவுறது. அந்தக் காலத்து ஜாஸ் டிரம்மருங்க டான்ஸ் ஹாலுல இப்படித்தான் வாசிச்சாங்க. காதுக்கு எட்டாது, ஆனா ஆடுறவங்க காலுக்கு எட்டும். நான் காலை நிறுத்தினா, சாப்பிடுறவங்க என்னமோ குறையுதேன்னு தலையைத் தூக்கிப் பாப்பாங்க. மறுபடி ஆரம்பிச்சா தட்டைப் பாத்துக் குனிஞ்சுடுவாங்க. மெல்ல வாசிக்கிறதுதான் கஷ்டம். அதைச் செஞ்சு செஞ்சுதான் என் ரெண்டு காலும் சொன்ன பேச்சைக் கேக்க ஆரம்பிச்சுது.

பியானோக்காரருக்கு மெட்டல்னா சட்டி பானையை உருட்டுறது. தொண்டைக்கு ஜாஸ்னா லிஃப்டுக்குள்ள போடுற பாட்டு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லை. நடுவுல நான் ஒருத்தி ரெண்டு பேருக்கும் வக்காலத்து வாங்கிக்கிட்டு இருக்கேன்.

எங்க மெட்டல் பேண்டோட முதல் ஆல்பத்துக்கு ரெக்கார்டிங் போனோம். டயர் கடைக்குப் பின்னாடி ஒரு ஸ்டூடியோ. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு, மூலையில ஒரு சோபா, அது வயித்தைக் கிழிச்சுக்கிட்டு பஞ்சைக் காட்டிக்கிட்டு கிடக்கும். மத்தவங்க எல்லாம் டிரம்மைத் தனியா, கிட்டாரைத் தனியாப் பதிவு பண்ணுவாங்க. நாங்க அப்படிச் செய்யலை. தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் வாசிக்கும்போது ஜனங்களைப் பாத்து நிக்க மாட்டான். என் பக்கம் திரும்பி, முழங்காலுக்குக் கீழ எலும்பு பேஸ் டிரம்மோட ஒட்டுற மாதிரி நிப்பான். என் கால் போடுற அடி அவன் எலும்பு வழியா ஏறி அவன் கைக்குப் போகும். சின்ன வயசுல இருந்து அவனுக்குத் தாளம் அப்படித்தான் தெரியும். ஸ்டூடியோவுலயும் அப்படியே நின்னான். ரெண்டு பேரும் ஒண்ணா வாசிச்சோம். நல்லா வந்துச்சு. எனக்குத் தெரியும் நல்லா வந்துச்சுன்னு.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, என் கை போச்சுக்கா."

பதறிப் போயிட்டேன். எங்கே விழுந்தே, என்ன ஆச்சுன்னு கேட்டா, விழவெல்லாம் இல்லையாம். ஸ்டூடியோவுல பதிவு பண்ற இன்ஜினியர் அவன் கிட்டாரைப் போட்டுக் காட்டினாராம். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் தாளத்துல நிக்கலையாம். சில இடத்துல முந்துதாம், சில இடத்துல பிந்துதாம். மறுபடி வாசிக்கணும், அதுவும் நல்லாப் பழகிட்டு வரணும்னு சொல்லிட்டாராம்.

"நீயா? தாளத்துலயா?" எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

"என் காதாலயே கேட்டேன்கா. அசிங்கமா இருந்துச்சு."

அன்னையில இருந்து அவன் தாளம் தட்டுற மெட்ரோனோமை வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தான். டிக் டிக் டிக். அம்மா எனக்கு போன் போட்டு, "உன் தம்பி சாப்பிட மாட்டேங்கிறான், விரல் எல்லாம் பிளாஸ்திரி, நீ என்ன சொன்னே அவனை?"ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணுமே சொல்லலை. ஆனா எங்க வீட்டுல அவன் முகம் வாடினா குற்றவாளி நான்தான்.

அவன் மறுபடி வாசிக்கப் போன அன்னைக்கு நானும் கூடப் போனேன். துணைக்குத்தான். அவன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உள்ளே நின்னான். நான் இன்ஜினியர் அறையில அந்தப் பஞ்சு சோபாவுல உக்காந்தேன். இன்ஜினியர் மரியாதையான ஆளு. "வாங்க மேடம், டீ சொல்லட்டுமா?"ன்னு கேட்டார். பாட்டை ஓட விட்டார்.

ரெண்டு வரி கூடப் போகலை. எழுந்து நின்னுட்டேன்.

"நிறுத்துங்க. இது யாரோட கால்?"

"உங்களோடதுதான் மேடம்."

"என்னோடது இல்லை."

"உங்களோடதுதான். கொஞ்சம் சுத்தம் பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

சுத்தமாம். வீடு கூட்டுறவரு மாதிரி சொல்றார். திரையில காட்டினார். பாட்டு முழுக்க நேர் நேரா தாளக் கோடு. நான் போட்ட ஒவ்வொரு அடியையும் பிடிச்சு இழுத்து, கோட்டு மேல கொண்டு போய் நிறுத்தி வச்சிருந்தார். அது போகட்டும். அடியோட சத்தத்தையும் எடுத்துட்டார். யாரோ, எங்கேயோ, எப்பவோ அடிச்ச ஒரே ஒரு அடியை எடுத்து, என்னோட ஆயிரம் அடிக்குப் பதிலா அதையே ஆயிரம் தடவை ஒட்டியிருக்கார். மெல்ல அடிச்சதும் அதே சத்தம், ஓங்கி அடிச்சதும் அதே சத்தம். தையல் மிஷின் ஓடுற மாதிரி இருந்துச்சு.

நான் என்ன கிள்ளுக்கீரையா? தொடை மரத்துப் போற அளவுக்கு உக்காந்து வாசிச்சது நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க கால் நல்ல கால்தான். ஆனா கொஞ்சம் ஜாஸ் வாடை அடிக்குது. இடது கால் ஒரு மயிரிழை பிந்தி, சாஞ்சு வருது. மெட்டலுக்கு அது ஒத்து வராது."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது அவரு.

"ஒத்து வராதா? இந்த ரெண்டு பெடல் என்ன வானத்துல இருந்து குதிச்சுதா சார்? பெடலே இல்லாத காலத்துல பெரிய டிரம்மையும் கையாலதான் அடிச்சாங்க. பெரியதுல ஒண்ணு போட்டுட்டு, அதே கையைத் திருப்பிச் சின்னதுல ஒண்ணு. பெடல் வந்ததும் ஜாஸ்காரங்கதான் அந்தக் காலுக்கு வேலை கத்துக் கொடுத்தாங்க. ஆடுறவங்களுக்குத் தாளம் பிடிச்சுக் கொடுத்தது அந்தக் கால். அப்புறம் வந்த ஜாஸ்காரங்க தாளத்தைத் தூக்கி பித்தளைத் தட்டு சிம்பல்ல வச்சுட்டு, யாரும் எதிர்பாக்காத இடத்துல காலால ஒரு குண்டைப் போட்டாங்க. ரெண்டு பேஸ் டிரம் வச்சு ஒரு செட்டைப் படமா வரைஞ்சது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், தெரியுமா? பின்னாடி அவர் பெரிய ஜாஸ் டிரம்மர் ஆகி, ரெண்டு காலாலயும் வாசிச்சுக் காட்டினார். அந்த மாதிரி ஆளுங்களைப் பாத்துத்தான் ராக் வாசிக்கிறவங்க ரெண்டு வச்சாங்க. அவங்களைப் பாத்து மெட்டல்காரங்க வச்சாங்க. வீட்டையே அவங்க கட்டியிருக்காங்க, நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு அவங்க வாடை அடிக்குதுங்கிறீங்க."

இன்ஜினியர் டீயை ஒரு வாய் குடிச்சார். "இதெல்லாம் எனக்கும் தெரியும் மேடம். நானும் ஜாஸ் கேக்குற ஆளுதான். ஆனா இப்போ காது மாறிடுச்சு. கேக்குறவங்க கோட்டுல நிக்கிற காலைத்தான் கேக்குறாங்க."

"ஒண்ணும் மாறலை. ரெக்கார்டிங்கே புதுசா வந்த காலத்துலயும் இதேதான். பேஸ் டிரம் சத்தத்துக்கு மெழுகுத் தட்டுல கீறுற ஊசி எகிறும்னு, டிரம்மர் கையில மரக்கட்டையைக் கொடுத்து அதைத் தட்டுன்னு உக்கார வச்சாங்க. அப்போ அவங்ககிட்ட மெஷின் பத்தலை. இப்போ உங்ககிட்ட மெஷின் ஜாஸ்தியாப் போச்சு. ரெண்டு தடவையும் வெளியே போனது டிரம்மரோட கால்தான்."

மூச்சு வாங்குச்சு எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கிட்டாரை மாட்டிக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னான். கதவு மூடியிருந்ததால நாங்க பேசினது அவனுக்குக் கேக்கலை. பிளாஸ்திரி ஒட்டின அவன் விரலைப் பாத்தேன். அப்போத்தான் எனக்குச் சுரீர்னு உறைச்சுது.

"சார், என் காலோட ஒரிஜினல் இருக்கா, அழிச்சுட்டீங்களா?"

"எதையும் அழிக்க மாட்டேன் மேடம். மியூட்ல கிடக்கு."

"அதை எழுப்புங்க. உங்க மிஷின் காலை மியூட்ல போடுங்க. தம்பி முதல்ல வாசிச்ச கிட்டாரை அதோட சேத்துப் போடுங்க."

போட்டார்.

எப்படிச் சொல்றது? கிட்டாரும் காலும் ஒரே ஆளு வாசிச்ச மாதிரி இருந்துச்சு. என் இடது கால் எங்கே சாஞ்சுதோ அங்கே அவன் கையும் சாஞ்சுது. நான் எங்கே இழுத்துப் பிடிச்சேனோ அங்கே அவனும் பிடிச்சான். ஒரு இடம் கூட முந்தலை, ஒரு இடம் கூடப் பிந்தலை. இன்ஜினியரோட பாதம் அவருக்கே தெரியாம தரையில தட்டிக்கிட்டு இருந்துச்சு.

நடந்தது இதுதான். என் காலை நகர்த்திட்டு, நகர்ந்த காலோட அவன் கையை ஒப்பிட்டுப் பாத்து, கை தப்புன்னு சொல்லிட்டார். அவனும் நம்பிட்டான். இத்தனை நாளா விரல் தேயுற அளவுக்கு வாசிச்சானே, அது அவன் செய்யாத தப்புக்கு.

"சே. காலை நேராக்கினப்ப கிட்டார் எதுல நிக்குதுன்னு நான் யோசிக்கலை. எல்லாரும் தனித்தனியா வாசிக்கிறதைத்தான் பாத்துப் பழக்கம்"னார் இன்ஜினியர். நிஜமாவே வருத்தப்பட்டார். அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னார்.

"ஆனா நானா இதைச் செய்யலை மேடம். செய்யச் சொன்னாங்க."

"யாரு?"

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்தார்.

நான் கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே போனேன். தம்பி ஹெட்போனைக் கழட்டினான். அவன் முழியைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. சின்ன வயசுல கண்ணாடியை உடைச்சுட்டு இதே முழிதான் முழிப்பான்.

"நீதான் சொன்னியா?"

மென்னு முழுங்கினான். "கொஞ்சம் சரி பண்ணச் சொன்னேன்கா. இவ்வளவு பண்ணுவார்னு நினைக்கலை."

"ஏன்டா?"

"போன தடவை மேடையில இருந்து இறங்கினப்ப ஒருத்தன் கேட்டான்கா, உங்க டிரம்மர் ஹோட்டல்ல வாசிக்கிறாங்களா, காலு அப்படியே ஆடுதேன்னு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு நம்ம பாட்டை அனுப்பச் சொல்லியிருக்கு. அவங்களும் சிரிச்சுட்டாங்கன்னா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உனக்குக் கோபம் வரும்கா."

கோபம் வருமாம். அதனால சொல்லலையாம். இவ்வளவு நேரம் அந்த இன்ஜினியரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே, அதெல்லாம் இவனுக்குச் சேர வேண்டியது. என் காலைப் பத்தி எவனோ சிரிச்சா, இவன் அவனை நாலு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. இங்கே வந்து என் காலை எடுக்கச் சொல்லியிருக்கான். அந்தக் காலுல எலும்பை ஒட்ட வச்சுத்தான் இவன் தாளமே கத்துக்கிட்டான். கண்ணுல தண்ணி வந்துச்சு எனக்கு. துக்கத்துல இல்லை, ஆத்திரத்துல.

"வா, வந்து கேளு"ன்னு அவனை அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போனேன். ஒரிஜினலைப் போட்டுக் காட்டச் சொன்னேன். கேட்டான். முகம் மலர்ந்துச்சு. கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டான். அவன் கைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. இனிமே சரியாயிடும்னு நான் நினைச்சேன்.

அப்புறம் சொன்னான், "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அனுப்புறதுக்கு மிஷினே இருக்கட்டும். நான் அதுக்கு ஏத்த மாதிரி மறுபடி வாசிச்சுடறேன்."

"அப்போ என் பேரை எடுத்துடு."

"பேர் இருக்கட்டும்கா. உன் பேர் இல்லாம எப்படி?"

கேட்டீங்களா? கால் வேண்டாம், பேர் மட்டும் வேணும். பேசினா என்ன பேசுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. வெளியே போய் நடையில இருந்த பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்தேன். டயர் கடையில எதையோ காத்தடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். அம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "அவன் சின்னவன்மா, நீதான் விட்டுக் கொடுக்கணும்"னாங்க. சின்னவனாம். தலையில பாதி முடி கொட்டிப் போச்சு அவனுக்கு. போனை வச்சுட்டேன்.

வீட்டுக்குப் போயிருக்கணும். போகலை. அவன் அந்த மிஷினோட எப்படி வாசிக்கிறான்னு பாத்துடலாம்னு உக்காந்திருந்தேன்.

நடைப்பக்கம் இருந்தது சரியா மூடாத கதவு. உள்ளே நடக்குறது எல்லாம் கேட்டுச்சு. வாசிச்சான். நிறுத்தினாங்க. வாசிச்சான். நிறுத்தினாங்க. "இன்னொரு தடவை போலாமா?"ன்னு இன்ஜினியர் தன்மையாக் கேட்டுக்கிட்டே இருந்தார். அவனால முடியலை. அந்தக் காலுல சாய இடமே இல்லை, அவன் கை எங்கே போய் நிக்கும்? கடைசியில இன்ஜினியர் சொன்னார், "விடுங்க, இருக்குறதே போதும். நான் உங்க கிட்டாரையும் வெட்டிக் கோட்டுல வச்சுடறேன்." மவுஸ் சத்தம் கிளிக் கிளிக்குன்னு ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்புறம் பாட்டைப் போட்டார். முழுசா ஓடுச்சு. ஒரு குறை சொல்ல முடியாது. அத்தனையும் கோட்டுல நின்னுச்சு.

தம்பி வெளியே வந்தான். சுவர்ல சாஞ்சு தரையில உக்காந்துட்டான். நான் அவனைப் பாக்கலை.

"அக்கா."

நான் போனைத் தடவிக்கிட்டு இருந்தேன்.

"அதுல நான் இல்லைக்கா. என் கையே இல்லை அது. யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு என்னமோ பண்ணுதுக்கா."

எனக்கு அவனைத் தெரியும். இந்த இடத்துல நான் தலையைத் தடவணும், விடுடா பாத்துக்கலாம்னு சொல்லணும், உள்ளே போய் அவனுக்காக இன்ஜினியர்கிட்ட சண்டை போடணும். இத்தனை வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். கை கூடப் பாதி தூரம் போயிடுச்சு. இழுத்துக்கிட்டேன்.

"உன் கை இல்லைன்னதும் ஓடி வந்துட்டே. என் கால் இல்லைன்னு தெரிஞ்சே இத்தனை நாள் எங்கே போயிருந்தே?"

அவன் விரல்ல இருந்த பிளாஸ்திரியைப் பிய்ச்சுக்கிட்டு இருந்தான்.

"நான் உள்ளே வர மாட்டேன். உனக்கு என்ன வேணுமோ நீயே போய்க் கேளு."

அப்புறம் எழுந்து உள்ளே போனான். கதவை இந்தத் தடவையும் சரியா மூடலை. நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் கிட்டாரைப் பழையபடி வைங்கன்னு அவன் ஆரம்பிச்சிருந்தா, அப்படியே எழுந்து போயிருப்பேன். பேண்டை விட்டே போயிருப்பேன், சத்தியமா.

"சார்"னான். "அக்காவோட காலைத் திருப்பி வைங்க சார். அதைத்தான் அனுப்பப் போறோம்."

"கம்பெனிக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு..."

"சிரிச்சாச் சிரிக்கட்டும் சார்."

"சரி. உங்க கிட்டாரு?"

"அது எங்கே நிக்கணும்னு அக்காவைக் கேட்டுச் சொல்றேன்."

நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கலை. அவனே வந்து கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன்.